ஜிஃபாவின் முதுகு

சிக்னலில் மோட்டார் சைக்கிள் டாக்சி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த மஸ்ஸான் மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன்னால் நின்ற வண்டியின் பின்னிருக்கையில் ஒரு பருத்த பெண், கையில் தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகு முழுக்க ஒரு சன்னல். பச்சைச் சட்டம், அதற்குள் சாய்வாக அடுக்கிய மஞ்சள் மரப்பட்டைகள், ஒரு கதவு சாத்தியிருக்க இன்னொரு கதவு பாதி திறந்திருந்தது.

“ஜிஃபா முதுகு எவ்வளவு ஜோரா இருக்கு பாருங்க மமா,” என்றான் ஓட்டுநர்.

“அது ஜிஃபா இல்ல.”

“ஐயோ, ஆளைச் சொல்லல. துணியைச் சொல்றேன். அந்தத் துணிக்கு அதான் பேரு. எங்க வீட்டுல ஈஸ்டருக்கு அதேதான் வேணும்னு உயிரை எடுக்கிறா.”

“அதை வரைஞ்சது யாருன்னு தெரியுமா?”

“வரையறதா? துணியை யாராவது வரைவாங்களா மமா? மெஷின்லேர்ந்து வருது.”

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி கடற்கரைச் சாலையில் திரும்பும்வரை மஸ்ஸான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்தவள் சன்னலுக்கு நடுவே ஜிப்பை ஓட்டியிருந்தாள். இடப்பாதி வலப்பாதியைவிட அரை விரல் இறங்கி நின்றது. அதைப் பார்த்ததில் மஸ்ஸானுக்கு ஒரு சின்ன நிம்மதி கிடைத்தது.

கண்காட்சி மண்டபத்தில் எலோம் ஏணிமேல் நின்று விளக்குகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மஸ்ஸானின் முப்பது வருட வேலையை ஒரே கூரைக்கு அடியில் காட்ட வேண்டும் என்று ஒரு வருடமாக அலைந்து ஏற்பாடு செய்தவள் அவள்தான். முதல் அறையில் கலைக்கூடத்தில் தொங்கிய துணிகள், இரண்டாவதில் நாடக உடைகள், மூன்றாவதில் சினிமா. மூன்றாவது அறையின் நடுவில், தலையில்லாத பொம்மைமேல், அந்த உடை. பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு அட்டை: ‘ஜிஃபாவின் முதுகு.’

“இது என்ன?” என்றாள் மஸ்ஸான்.

எலோம் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “துணியோட பேரு, தாவி.” அக்கா என்று கூப்பிடுவதற்கு லோமே நகரில் அதுதான் சொல். “ஊருக்கே அப்படித்தானே தெரியும்?”

“நான் வெச்ச பேர் வேற.”

“தெரியும் தாவி. ஆனா அந்தப் பேரைப் போட்டா உள்ளே வர்றவங்க, ‘ஜிஃபா முதுகு எங்கே’ன்னு என்னைத்தான் கேப்பாங்க. சந்தையில என்ன சொல்றாங்களோ அதைத்தான் போட முடியும். நீங்க சந்தையில மாத்துங்க, நான் அட்டையில மாத்தறேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “அட்டையெல்லாம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்.”

அவள் விளையாட்டாகச் சொன்னாள். மஸ்ஸான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சன்னல் துணிக்கு வந்து சேர்ந்த வழி கொஞ்சம் சுற்று. மஸ்ஸான் வெறும் தையல்காரியாக இருந்த காலத்தில் அவள் கடைக்கு எதிரே ஒரு பழைய மாடிவீடு. அதன் பட்டைச் சன்னலுக்குப் பின்னால் எப்போதும் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட சன்னலின் சூட்சுமமே அதுதான்: பட்டைகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவுக்கு உள்ளே தெரியாது. தன்னை யாரோ பார்க்கிறார்கள், தன்னால் பார்க்க முடியவில்லை என்ற அந்த நமைச்சலைத்தான் அவள் முதலில் மெல்லிய வெள்ளைத் துணிகளில் தீட்டி, காயல்கரைக் கலைக்கூடத்தில் வரிசை வரிசையாகத் தொங்கவிட்டாள். மின்விசிறி வைக்கவில்லை. ஆட்கள் நடுவே நடந்தால் எழும் காற்று போதும், சன்னல்கள் தாமாகத் திறந்து மூடின. பத்திரிகைகள் அவளை ஓவியர் என்றன. மாமியார் மட்டும், இந்தத் திரைச்சீலைகள் எப்போது விற்கும் என்று கேட்டாள்.

அதைப் பார்த்த ஒரு நாடகக்காரர், இதைத் துணியாகத் தொங்கவிடாமல் ஆட்கள்மேல் போட முடியுமா என்று கேட்டார். மேடை வேறு கணக்கு. கடைசிப் பெஞ்சில் இருப்பவனுக்குச் சின்னச் சித்திரம் புள்ளியாகத்தான் தெரியும். அதனால் ஒரு முதுகுக்கு ஒரே சன்னல் என்று பெரிதாக்கினாள். ஒத்திகை பார்க்கப் பார்க்க இன்னொன்றும் பிடிபட்டது. வயிற்றின் மேல் வைத்த சன்னல் செத்துக் கிடந்தது. தோள்பட்டை எலும்பின் மேல் வைத்தது உயிரோடு இருந்தது. கை வீசி நடக்கும்போது அந்த எலும்பு வழுக்கி நகர்கிறது. சன்னல் கதவின் கீல் அந்த எலும்பின் உள்ஓரத்தில் விழும்படி வெட்டினால், ஒவ்வொரு அடிக்கும் கதவு திறந்து மூடும்.

பிறகு சினிமா. கேமராவுக்கு நெருக்கமான கோடுகள் ஆகாது. திரையில் அவை எறும்புபோல ஊரும். பட்டைச் சன்னலோ முழுக்கக் கோடுகள். மஸ்ஸான் விதவிதமான அகலத்தில் துண்டுகள் அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் கேமரா முன்னால் பிடித்துப் பார்த்தாள். பட்டை ஒரு விரல் அகலத்துக்கு வந்து, மெழுகு பூசிச் சாயமேற்றும்போது விழும் வெடிப்பு நரம்புகள் அங்கங்கே கோட்டை உடைத்தபோது ஊர்தல் நின்றது. சன்னல் பிளவுபடாமல் இருக்க ஜிப்பை இடுப்புப் பக்கம் கொண்டுபோனாள். அந்த உடையைப் போட்டுக்கொண்டு நடிகை ஜிஃபா நடந்தாள். புருஷன் வீட்டை விட்டுக் கடல் வரைக்கும், தெருவின் முழு நீளத்துக்கும். கேமரா வாசற்படியில் அசையாமல் நின்றது. பேச்சில்லை, இசையில்லை. முதுகில் ஒரு சன்னல் திறந்து மூடித் திறந்து மூடிச் சின்னதாகிக்கொண்டே போனது.

முதல் காட்சியன்று மஸ்ஸான் ஐந்தாவது வரிசையில் இருந்தாள். அந்த நடை முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்றது. ஜிஃபாவும் எழுந்தாள். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்க்க, அவள் திரும்பி முதுகைக் காட்டினாள். கைதட்டல் இன்னும் பெரிதானது. மஸ்ஸானுக்கு வாய் சிரித்தது, வயிறு எரிந்தது. அன்றிலிருந்து அந்த எரிச்சலுக்கு அவள் நியாயம் என்று பெயர் வைத்திருந்தாள்.

படம் ஓடியபின் ஆலைக்காரர்கள் அந்தச் சன்னலை வாங்கி அச்சடித்துக் கப்பலில் அனுப்ப, சந்தை அதற்கு ஜிஃபாவின் பெயரை வைத்தது. துணிச்சந்தையில் மாடிக் கடை அயெலேயுடையது. பள்ளியில் மஸ்ஸானோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது கப்பலில் வரும் துணியில் எது எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்பவள். உயரமான முக்காலியில் உட்கார்ந்து, இலையில் வைத்த, ஆவியில் வெந்த அப்லோ அப்பத்தையும் பொரித்த மீனையும் தின்றுகொண்டே வேலைக்காரிகளை அதட்டிக்கொண்டிருந்தாள்.

“அடியே மஸ்ஸான்! பெரிய மனுஷிக்கு வழி தெரிஞ்சுதா?”

“பேர் மாத்தணும்.”

“யாருக்கு? உனக்கா? இந்த வயசுல மறுபடியும் கல்யாணமா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மஸ்ஸான் சன்னல் துணி அடுக்கின்மேல் கையை வைத்தாள். “இதுக்கு.”

அயெலே மீன்முள்ளை ஓரமாக எடுத்து வைத்தாள். “பேர் நான் வைக்கிறதில்லடீ. கப்பல்லேர்ந்து இறங்கும்போது அதுக்கு நம்பர்தான். நம்பரை எவ கட்டுவா? ஒருத்தி புருஷன் வேற வீட்டுக்குப் போறான்னு வை. அவ வாசல்ல நின்னு கத்துவா. அன்னிக்கு அவ இடுப்புல ஒரு துணி இருக்கும். பார்த்துட்டுப் போறவங்க அந்தத் துணிக்கு ஒரு பேர் சொல்லுவாங்க. மறுநாள் அதே பேரைச் சொல்லிக் கேட்டுப் பத்துப் பேர் வருவாங்க. நான் காதைத் திறந்து வெச்சிருக்கேன், அவ்வளவுதான் என் வேலை.”

“நான் வெச்ச பேர் இருக்கு. ஜலூசி.”

பட்டைச் சன்னலுக்குப் பிரெஞ்சில் ஜலூசி என்றுதான் பெயர். பொறாமைக்கும் அதே சொல். வரைந்த காலத்தில் மஸ்ஸான் சன்னலை மட்டுமே நினைத்திருந்தாள். கடையில் நின்றவர்களுக்குச் சன்னல் ஞாபகத்துக்கே வரவில்லை.

“பொறாமையா?” என்றாள் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி. “நாத்தனார் கல்யாணத்துக்குப் பொறாமையைக் கட்டிக்கிட்டுப் போறதா? என் புருஷன் கேப்பான், யாரைப் பார்த்துடீன்னு!”

“சும்மா இரு, உன் புருஷனைப் பார்த்து யாருக்குப் பொறாமை வரும்?” என்றாள் பக்கத்துக் கடைக்காரி. மறுபடி சிரிப்பு.

அந்தச் சிரிப்பில்தான் மஸ்ஸானுக்குள் ஏதோ அறுந்தது. “எதுக்கு ஜிஃபா பேரு?” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “அவ என்ன பண்ணினா? நடந்தா! இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு நடந்தா! கோழி கூடத்தான் நடக்குது! கீலு எங்க விழணும்னு நாலு மாசம் எலும்பைத் தடவித் தடவிப் பார்த்தது யாரு? ஜிப்பைப் பக்கத்துக்குக் கொண்டுபோனது யாரு? கடைசியில, கடல்கிட்ட, அந்தக் கதவு ரெண்டு தடவை நடுங்குமே, தியேட்டர்ல அத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சாங்களே, அது என் வெட்டு! துணியைக் குறுக்கு இழையில வெட்டினா அப்படித்தான் நடுங்கும்! அது அவ முதுகே இல்ல! நான் போட்ட முதுகு!”

பக்கத்துக் கடைகளிலிருந்து பெண்கள் வந்து வாசலில் கூடிவிட்டார்கள். ஒருத்தி அளவுகோலை அப்படியே பிடித்தபடி நின்றாள். அயெலே சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். விரல்களைத் துடைத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன் நிறுத்திட்டே?” என்றாள். “சொல்லு.”

மஸ்ஸான் சொன்னாள். திரைப்பட விழாவில் பரிசு வாங்கியவர்கள் பட்டியலில் உடைக்காரி பெயர் விட்டுப்போனதைச் சொன்னாள். சுவரொட்டியில் இருந்தது முதுகா துணியா என்று கேட்டாள். ஜிஃபா அரங்கில் எழுந்து திரும்பி நின்றதை நடித்தே காட்டினாள். படியிறங்கும்போது மனம் லேசாக இருந்தது. கடைசியில் யாரோ காது கொடுத்துக் கேட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில், வறுத்த வள்ளிக்கிழங்கு விற்கிறவளின் சட்டி முன்னால் வரிசையில் நிற்கும்போது அது அவள் காதில் விழுந்தது.

“எங்க அக்கா ரெண்டு வாங்கிட்டா,” என்று முன்னால் நின்றவள் சொல்லிக்கொண்டிருந்தாள். “மஸ்ஸானின் ஜலூசி.”

“ஜிஃபா முதுகுதானே அது?”

“அது பழசு. இப்ப இதான். மஸ்ஸான்னு எவளோ ஒருத்தி, ஒரு நடிகையோட முதுகைப் பார்த்து வயிறெரிஞ்சு சந்தைக்கே வந்து கத்தினாளாம். கோழி மாதிரி நடந்தும் காட்டினாளாம்! எங்க அக்கா சொல்றா, அதைக் கட்டிக்கிட்டு சக்களத்தி வாசல் வழியா ஒரு தடவை போனாப் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம், ‘எரியட்டும்’னு முதுகே சொல்லிடும்னு.”

கிழங்குக்காரி சட்டியிலிருந்து நிமிர்ந்தாள். “உங்களுக்கு மிளகாய் கூட வெக்கட்டுமா மமா?”

மஸ்ஸான் தலையாட்டினாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீடுவரை நடந்தே போனாள். வழியில் மூன்று இடத்தில் அந்தத் துணியைப் பார்த்தாள். இத்தனை நாள் அதைப் பார்த்தால் கோபம் வரும். இன்று தெருவில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு ஒளிந்துகொண்டதுபோல இருந்தது.

எலோம் போனில் கத்தினாள். “தாவி! நிஜமாவே மாத்திட்டீங்களே! நான் நாலு கடையில கேட்டுட்டேன். அட்டை அச்சுக்குப் போயாச்சு. ‘மஸ்ஸானின் ஜலூசி.’ உங்க பேரும் இருக்கு, நீங்க வெச்ச பேரும் இருக்கு. இப்ப சந்தோஷமா?”

மஸ்ஸான் அதில் ஒரு குறை சொல்லத் தேடினாள். கிடைக்கவில்லை. அவள் கேட்டது எழுத்து மாறாமல் கிடைத்திருந்தது.

மறுநாள் அயெலேயின் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. ஆறு கெஜம் சன்னல் துணி, மடிப்புக் கலையாதது. கூடவே போன். “வழக்கம் தெரியுமில்ல? பேருக்கு உரியவ அதைத் தைச்சுப் போட்டுக்கிட்டு சந்தை நடுவே ஒரு தடவை நடக்கணும். நடந்தா பேர் நிக்கும். நடக்காட்டி மழை வர்றதுக்குள்ள உதிர்ந்து பழைய பேரே வந்துடும். போன வருஷம் ஜிஃபா நடந்தா. என்ன கூட்டம் தெரியுமா!”

“சிரிக்கத்தானே கூப்பிடறே?”

“சிரிப்பாங்க,” என்றாள் அயெலே. “சிரிச்சுக்கிட்டேதான் வாங்குவாங்க. வந்தா வா, வராட்டிப் போ. துணியை மட்டும் திருப்பி அனுப்பிடாதே, அது எனக்கு அவமானம்.”

எத்தனையோ பேருக்கு வெட்டிய துணியை மஸ்ஸான் தனக்கென்று ஒருநாளும் வெட்டியதில்லை. இரண்டு நாள் அதைத் தொடாமல் மேசைமேல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினாள். பக்கவாட்டை மூட்டி, தோளை மூட்டி, கீலைப் பார்த்துச் சேர்க்கலாம் என்று நடுமுதுகை மட்டும் விட்டுவைத்து, மேலே போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் சிக்கல் தெரிந்தது. தன் முதுகைத் தானே அளக்க முடியாது. சன்னலின் இரண்டு பாதியும் பின்னால் விலகித் தொங்கின. கையை வளைத்து எட்டினால் தோள்பட்டை எலும்பு நகர்ந்துவிடுகிறது. எலும்பு நகர்ந்தால் கீல் எங்கே விழும் என்பது தெரியாமல் போகிறது.

அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஜிஃபா.

அவளை வெறும் சட்டை பாவாடையில், முகப்பூச்சு இல்லாமல் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. உள்ளே வந்தவள் உட்காரவில்லை. மஸ்ஸான் போட்டிருந்ததைக் கழுத்திலிருந்து கால்வரை பார்த்தாள்.

“நடந்தாச்சா தாவி?”

“இன்னும் இல்ல.”

“நடக்காதீங்க.”

மஸ்ஸான் பின்னால் விலகித் தொங்கிய துணியை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“கோழி நடக்குற மாதிரி நடந்தேன்னு சொன்னீங்களாமே,” என்றாள் ஜிஃபா. “எனக்குக் கோவமில்ல. அந்தப் படத்துல என் முகம் எத்தனை தடவை வருதுன்னு பார்த்திருக்கீங்களா? அந்தக் கடைசிக் காட்சிக்கு நான் அழுது பழகினேன். வீட்டுல, குளியலறையில, டாக்சியில. அன்னிக்குக் காலையில டைரக்டர் வந்தாரு, உங்க துணியைப் பார்த்தாரு. என்னைப் பார்த்து ‘திரும்பு’ன்னாரு. அன்னிலேர்ந்து எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. சான்ஸ் கேட்டுப் போனா, திரும்பு. கல்யாண வீட்டுல போட்டோ எடுக்க வந்தா, திரும்பு. முதல் நாள் தியேட்டர்லயும் யாரோ பின்னாலேர்ந்து கத்தினாங்க, அதான் திரும்பினேன். உங்க மேல நான் எப்படி எரிஞ்சேன்னு உங்களுக்குத் தெரியாது.”

மஸ்ஸானுக்கு உள்ளே எங்கோ குளிர்ந்தது. தன்னைப் பார்த்து ஒருத்தி எரிந்திருக்கிறாள். அதுவும் இவள். இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டாளா என்றிருந்தது.

“அப்புறம் சந்தையில என் பேர் வந்துச்சு,” என்றாள் ஜிஃபா. “முதுகா இருந்தா என்ன, பேருதானே. படத்தை எல்லாரும் மறந்துட்டாங்க, துணியால நான் இருந்தேன். இப்ப அதையும் எடுத்துக்கிட்டீங்க.”

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள் மஸ்ஸான். “திரும்பச் சொன்னதுக்கு அப்புறம், நடக்கும்போது, அழுதியா?”

“அழுதேன். பழகினது எங்க போகும்? கடல்கிட்ட போனதும் தாங்கல. தோள் ரெண்டு தடவை குலுங்கிப்போச்சு. கேமராதான் பின்னால இருந்துச்சே, யாருக்குத் தெரியும்?”

மஸ்ஸான் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்திருந்தாள், குறுக்கு இழை, கதவின் நடுக்கம் என்று. கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருந்தாள். உடையைக் கழற்றக் கை எழவில்லை. பின்பக்கம் காற்றில் விலகி, முதுகில் சில்லென்று பட்டது.

ஜிஃபா அவள் பின்னால் வந்து நின்றாள். எத்தனையோ அளவுகளுக்கு இந்தக் கண்ணாடி முன்னால் மணிக்கணக்காக நின்றவள். குண்டூசிப் பெட்டி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கொத்து ஊசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள். துணியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து இழுத்தாள். கண்ணாடியில் மஸ்ஸானுக்குத் தன் முகம் தெரிந்தது. தன் தோளுக்கு மேலே ஜிஃபாவின் தலைவகிடு தெரிந்தது. முதுகில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. ஒரு விரல் தோள்பட்டை எலும்பைத் தேடி, அதன் உள்ஓரத்தில் நின்று, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நின்றது.

“மூச்சை விடுங்க,” என்றாள் ஜிஃபா, ஊசிகளுக்கு நடுவிலிருந்து. “இப்ப அசையாதீங்க.”

முதல் ஊசியின் குளிர்ச்சி தோலை உரசிக்கொண்டு போனது.